ஏற்காடு இறக்கத்தில் பிடித்துக்கொண்ட பிஸ்டன்

செலவு நோட்டில் கடைசியாகக் கூட்டிப் பார்த்தபோது 1,47,800 ரூபாய் வந்தது. அதில் பழைய பைக் ஒன்றை வாங்கிய விலை 68,000. மீதி 79,800 ரூபாயும், ஒரு வருடம் பத்து மாதமும், அந்த வண்டியை ஒழுங்காக ஓட வைக்கப் போனவை. "முப்பதாயிரத்துக்குள்ள முடிஞ்சிடும், மூணே மாசம்" என்று வீட்டில் சொல்லித்தான் ஆரம்பித்தேன். நான் சேலத்தில் ஒரு சேகோ ஆலையில் கணக்கு எழுதுகிறவன். பத்து ரூபாய் உதைத்தாலும் தூக்கம் வராத ஆள். அப்படிப்பட்டவனுக்கே கணக்கு இந்த அளவுக்குத் தப்பியது. யாராவது முன்னாடியே நாலு வார்த்தை சொல்லியிருந்தால் பாதிப் பணமாவது மிஞ்சியிருக்கும். எனக்குச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

வண்டி யமஹா ஆர்எக்ஸ் 100. எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவோடு சேர்ந்து 1985இல் இறக்கி, 1996இல் நிறுத்திய வண்டி. 98 சிசி, டூ ஸ்ட்ரோக், 11 குதிரைத்திறன். காகிதத்தில் பார்த்தால் இன்றைய 125 சிசி வண்டிகளின் சக்திதான். ஆனால் எடை நூறு கிலோ சொச்சம் என்பதால் அந்தப் பாய்ச்சல். நான் படித்த காலத்தில் ஐந்து ரோடு சிக்னலில் இந்த வண்டி கிளம்பும் சத்தத்தைக் கேட்டு, பஸ் ஜன்னலில் இருந்தே வண்டியின் பெயரைச் சொல்லிவிடுவோம். அப்போது வாங்க முடியவில்லை. நாற்பது தாண்டியதும் அந்த ஆசை திரும்பி வந்தது. இதற்கு மேல் பழைய நினைவுகளைச் சொல்லிக் கழுத்தறுக்கப் போவதில்லை, ஏனென்றால் அந்த நினைவுகள்தான் என்னை முதலில் ஏமாற்றியவை.

2022 பொங்கல் முடிந்த வாரம், ஓமலூர்ப் பக்கம் ஒருவரிடம் 1992ஆம் வருட வண்டி இருக்கிறது என்று தெரிந்து போனேன். நான் போய் இறங்கியபோதே வண்டி வாசலில் நின்றிருந்தது. ஒரே உதையில் ஸ்டார்ட் ஆனது. கைப்பிடியை முறுக்கியதும் பழைய சத்தம். அவ்வளவுதான், விலை பேசக்கூட நாக்கு எழவில்லை. பிற்பாடுதான் யோசித்தேன், என்ஜின் அப்போதே சூடாக இருந்தது. எனக்காக ஏற்கெனவே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார். ஆறிய என்ஜின் எத்தனை உதையில் ஸ்டார்ட் ஆகிறது, ஆறிய நிலையில் என்ன புகை வருகிறது என்பதில்தான் வண்டியின் ஜாதகமே இருக்கிறது. ஆகவே பார்க்கப் போவதற்கு முன் "நான் வரும் வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிடுங்கள். போனதும் முதல் வேலையாக என்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஒரு டீ குடித்துவிட்டு, ஆறும் வரை உட்கார்ந்து பேசிக்கொண்டிருங்கள்.

இன்னொன்றையும் அன்று கவனித்தேன், ஆனால் தலைகீழாகப் புரிந்துகொண்டேன். முறுக்கிய கைப்பிடியை விட்ட பிறகும் என்ஜின் சத்தம் உடனே இறங்காமல் இரண்டு மூன்று விநாடி அப்படியே நின்று, பிறகு மெதுவாக இறங்கியது. "பாருங்க, எப்படி நிக்குது" என்றார் விற்றவர். நானும் தலையாட்டினேன். டூ ஸ்ட்ரோக் வண்டியில் அது நல்ல பிக்கப்பின் அடையாளம் இல்லை. எங்கிருந்தோ கள்ளக் காற்று உள்ளே போகிறது என்பதன் அடையாளம். ஒரு வருடம் கழித்து அதுதான் என்னை மலையில் உருட்டியது.

பேப்பர் விஷயம் தனிக் கூத்து. ஆர்சி புத்தகம் முதல் உரிமையாளர் பெயரிலேயே இருந்தது. எனக்கு விற்றவர் மூன்றாவது கை. இடையில் யாரும் பெயர் மாற்றவில்லை. முதல் உரிமையாளர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பதிவு 15 வருடத்துக்குத்தான் செல்லும், அதன் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இந்த வண்டிக்குக் கடைசியாகப் புதுப்பித்ததும் 2017இலேயே முடிந்துவிட்டது. விற்றவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பெயர் மாற்றப் படிவங்கள் 29ம் 30ம் வெறும் காகிதம், ஏனென்றால் சட்டப்படி அவர் உரிமையாளரே இல்லை. கடைசியில் ஆத்தூரில் முதல் உரிமையாளரின் மகனைத் தேடிப் பிடித்தேன். நல்ல மனிதர். "அப்பா வண்டிங்களா? இன்னும் இருக்குதுங்களா?" என்று கேட்டு, வண்டியை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் எடுத்துக் கொடுத்தார். முதலில் படிவம் 31 மூலம் அவர் பெயருக்கு, பிறகு என் பெயருக்கு, பிறகு படிவம் 25இல் புதுப்பித்தல். 2022 ஏப்ரலில் இருந்து பழைய பைக்குக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 300இலிருந்து 1000 ஆகியிருந்தது. அதோடு தாமதக் கட்டணம், பசுமை வரி, இன்சூரன்ஸ், புகைச் சான்று, இடையில் புரோக்கர் என்று 17,000 ரூபாய் போனது. மகன் கிடைக்காமல் போயிருந்தால் 68,000 ரூபாய்க்கு ஒரு பழைய இரும்பு வாங்கியவன் ஆகியிருப்பேன். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். ஆர்சியில் உள்ள பெயர்க்காரர் உயிரோடு வந்து கையெழுத்துப் போடுவாரா என்று கேளுங்கள். சேசிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து, ஆர்சியோடு ஒப்பிடுங்கள். ஆர்எக்ஸ் 100இன் சட்டத்தில், அதாவது ஃபிரேமில், ஆர்எக்ஸ் 135 வண்டியின் என்ஜினை உட்கார வைத்த வண்டிகள் நிறைய உண்டு. ஓட்ட ஜோராக இருக்கும், ஆர்டிஓ ஆய்வில் நிற்காது.

சரி, வண்டி வீட்டுக்கு வந்தது. அம்மாபேட்டையில் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே உள்ள ஆறடி இடம்தான் பட்டறை. பிரித்தேன். பிரிப்பதில் ஒரு சுகம் உண்டு, யாருக்கும் பிரிக்க வரும். கழற்றிய ஸ்க்ரூக்களை வரிசையாக வைக்க ஏதாவது வேண்டுமே என்று தேடியபோது கண்ணில் பட்டது இட்லித் தட்டு. குழிக்கு ஒரு பாகம், தட்டுக்கு ஒரு பகுதி. அற்புதமான ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை காலை மனைவி இட்லி ஊற்றத் தட்டைத் தேடும் வரை எல்லாம் நன்றாகவே போனது. புதுத் தட்டு வாங்கியதை நோட்டில் "கருவிகள்" என்ற தலைப்பில் எழுதினேன்.

இந்த இடத்தில் எனக்கு யாரும் சொல்லாத ஒரு சின்ன விஷயம். ஜப்பான் வண்டிகளில் உள்ள கூட்டல்குறி ஸ்க்ரூ, நாம் கடையில் வாங்கும் சாதா ஸ்டார் ஸ்க்ரூடிரைவருக்கானது இல்லை. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். ஆனால் ஜப்பானியத் தரத்தில் அந்தக் குழியின் வடிவமே வேறு, அதை ஜேஐஎஸ் என்பார்கள். சாதா ஸ்க்ரூடிரைவர் அதன் அடி வரை இறங்கி உட்காராது. அழுத்தித் திருப்பினால் வழுக்கி மேலே ஏறி, தலையைச் சீவிவிடும். என்ஜின் கவரில் ஏழு ஸ்க்ரூக்களின் தலையை இப்படி மொட்டையாக்கினேன். இரண்டைத் துளைபோட்டுத்தான் எடுக்க முடிந்தது. ஜேஐஎஸ் பிட் ஒரு செட்டும், சுத்தியால் தட்டினால் திரும்புகிற இம்பேக்ட் டிரைவர் ஒன்றும் வாங்கிக்கொண்டு பிறகு கைவையுங்கள். அதேபோல் கிராங்க் முனையில் மின்சாரம் எடுக்கும் சக்கரமான மேக்னெட்டைக் கழற்ற அதற்கென்று புல்லர் இருக்கிறது, சில நூறு ரூபாய்தான். சுத்தியால் தட்டிக் கழற்றுகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டுதான் கிராங்க், அது வளைந்தால் அந்தச் செலவு ஆயிரக்கணக்கில்.

அடுத்து நான் செய்தது பெயின்ட். ஆமாம், என்ஜினைத் திறந்துகூடப் பார்க்காமல் பெயின்ட். அப்போது அது எனக்குத் தப்பாகவே படவில்லை. சட்டம் தனியாக இருக்கிறது, டேங்க் தனியாக இருக்கிறது, பெயின்டருக்கும் கை ஓய்வாக இருக்கிறது. மயில் கழுத்து நீலம், இரண்டு பூச்சு லேக்கர், ஸ்டிக்கர், மொத்தம் 11,500. ஹேண்டில்பாரையும் மட்கார்டையும் கோயம்புத்தூரில் கொடுத்து குரோம் பூசி வாங்கியது 6,200. என்ஜின் கவர்களுக்கு மட்டும் செலவே ஆகவில்லை. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் நண்பர், வெள்ளிக் கொலுசு மெருகேற்றும் பஃப் மெஷினில் வைத்துக் கால் மணி நேரத்தில் முகம் தெரிகிற அளவுக்குத் தேய்த்துக் கொடுத்தார். எங்கள் ஊரில் இருப்பதில் உள்ள லாபம் அது. பூட்டி நிறுத்தியபோது தெருவே வந்து பார்த்தது. உள்ளே இருந்தது பழைய என்ஜின்.

டேங்க்கைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. உள்ளே துரு இருந்தால் வெளியே பெயின்ட் அடிப்பதற்கு முன்பே சுத்தம் செய்யுங்கள். எலுமிச்சை உப்பை வெந்நீரில் கரைத்து ஒரு நாள் ஊற வைத்து, ஒரு பிடி நட்டுகளைப் போட்டுக் குலுக்கினால் துரு கழன்று வரும். பித்தளைப் பாத்திரத்துக்குப் புளி போடுகிற அதே தத்துவம்தான். பிறகு சோடா உப்புத் தண்ணீரில் அலசி, உடனே உலர்த்தி, டூ ஸ்ட்ரோக் வண்டிக்கான 2டி ஆயில் கலந்த பெட்ரோலைச் சுழற்றி ஊற்ற வேண்டும். ஈரத்தோடு விட்டால் மறுநாளே செம்மண் நிறத்தில் புதுத் துரு பூத்துவிடும். நான் பெயின்ட் அடித்த பிறகு செய்தேன். வழிந்த புளிப்புத் தண்ணீர் டேங்க் மூடி ஓரத்தில் லேக்கரைக் கொப்புளிக்க வைத்தது.

என்ஜின் வேலைக்குப் பக்கத்துத் தெரு மெக்கானிக் தம்பியிடம் போனேன். "அண்ணா, போர் போட்டு ரிங் பிஸ்டன் மாத்தினா போதுங்ணா, கிராங்க் சத்தமே இல்ல" என்றார். சிலிண்டரை லேத்தில் கொடுத்து, உள்சுவரைக் கடைந்து அரை மில்லிமீட்டர் அகலமாக்கி, 0.50 சைஸுக்குப் போர் போட்டோம். பிஸ்டன், கேஸ்கட், கார்புரேட்டர் கிட், கூலி எல்லாம் சேர்த்து 7,800. ஆயில் பம்பு வேலை செய்யவில்லை, யாரோ எப்போதோ அடைத்துவிட்டிருந்தார்கள். "அது தேவையில்லண்ணா, பெட்ரோல்லயே ஆயிலைக் கலந்து ஊத்துங்க, லிட்டருக்கு 20 மில்லி" என்றார். ஊரில் பாதி டூ ஸ்ட்ரோக் அப்படித்தான் ஓடுகிறது, நானும் சரி என்றேன்.

ஆய்வுக்கு வண்டியைக் கொண்டுபோன அன்றுதான் நீலத்தின் விலை தெரிந்தது. ஆர்சியில் நிறம் கறுப்பு. "கலர் மேட்ச் ஆகலைங்களே" என்று ஒரே வரியில் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார் ஆய்வாளர். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. ஆர்சியை நூறு முறை புரட்டிய நான் அந்த ஒரு வரியைப் படிக்கவில்லை. மறுபடி கறுப்பு அடிக்க 5,000. அன்று இரவு சாப்பிடவே பிடிக்கவில்லை. மகள் மட்டும், "கறுப்புதாம்ப்பா நல்லா இருக்கு" என்றாள். 2022 டிசம்பரில் ஆர்சி என் பெயரில் வந்தது.

2023 பிப்ரவரியில் ஒரு ஞாயிறு. கோரிமேடு தாண்டி, அடிவாரம் வந்து, ஏற்காடு ஏறினேன். இருபது கொண்டை ஊசி வளைவு. வண்டி ஏறியது என்றால் அப்படி ஏறியது. மேலே ஏரிக்கரையில் ஒரு மிளகாய் பஜ்ஜி, ஒரு காபி. அந்த ஒரு மணி நேரத்துக்குச் செலவு எல்லாம் தகும் என்று நினைத்தேன். இறங்கும்போது நல்ல பிள்ளையாக இரண்டாவது கியரில் போட்டு, கைப்பிடியை முழுக்க மூடி, என்ஜின் பிடிமானத்தில் இறங்கினேன். கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் சொன்ன பாடம் அது. பாதி மலை இறங்கியிருப்பேன். சத்தம் ஒரு கணம் கம்மியது. அவ்வளவுதான், பின்சக்கரம் அப்படியே இறுகி, ரோட்டில் கோடு இழுத்துக்கொண்டு பக்கவாட்டில் போனது. கிளட்ச்சைப் பிடிக்க வேண்டும் என்று மூளைக்குத் தோன்றுவதற்குள் விழுந்துவிட்டேன். முழங்கையும் முட்டியும் சிராய்ந்தன. பின்னால் வந்த பஸ் கொஞ்சம் வேகமாக வந்திருந்தால் இதை எழுத ஆள் இருந்திருக்க மாட்டேன். ஓரத்தில் உட்கார்ந்து கை நடுக்கம் நிற்கவே அரை மணி நேரம் ஆனது. ஒரு காய்கறி டெம்போக்காரர் வண்டியைத் தூக்கிப் போட்டுக்கொண்டு கீழே கொண்டுவந்து விட்டார். வீட்டில் "வழுக்கிவிட்டது" என்று மட்டும் சொன்னேன்.

அதன் பிறகுதான் சேலத்தில் குகை என்ற பகுதியில் இருக்கும் ஒரு பெரியவரைத் தெரிந்தவர்கள் கைகாட்டினார்கள். பட்டறையை மூடிவிட்டுப் பேரனோடு வீட்டில் இருப்பவர். முதலில் முடியாது என்றுதான் சொன்னார். சிலிண்டரைக் கழற்றி வைத்திருந்த பையை மட்டும் வாங்கி, பிஸ்டனை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சைலன்சர் பக்கம் நெடுக உரசி, அலுமினியம் இழுபட்டிருந்தது. பிளக்கைப் பார்த்தார். "என்ன தம்பி, பிளக் வெள்ளக்கல்லு மாதிரி இருக்குது?" என்றார். ஒழுங்காக எரிகிற வண்டியில் பிளக் முனை கருப்பட்டி நிறத்தில் இருக்க வேண்டும். ஈரக் கறுப்பு என்றால் ஆயிலோ பெட்ரோலோ அதிகம். வெளுத்திருந்தால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு, அதாவது உள்ளே வெந்துகொண்டிருக்கிறது. ஐம்பது ரூபாய் பிளக் ஸ்பானரால் யாரும் பார்த்துக்கொள்ளக்கூடிய சங்கதி. நான் ஒரு வருடத்தில் ஒருமுறைகூடக் கழற்றிப் பார்க்கவில்லை.

அவர் சொல்லித்தான் முழுதும் புரிந்தது. டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலும் காற்றும் முதலில் கிராங்க் இருக்கும் அறைக்குள் போய், அங்கிருந்துதான் மேலே ஏறுகின்றன. பிஸ்டனுக்கும் கிராங்க் பேரிங்குக்கும் வேண்டிய ஆயில் அந்தப் பெட்ரோலோடு வந்தால்தான் உண்டு, கீழே தனியாகத் தேங்கி நிற்கும் ஆயில் கிடையாது. கியர் பெட்டிக்கு உள்ள ஆயில் வேறு. ஆக, கைப்பிடியை முழுக்க மூடி மலை இறங்கும்போது என்ஜின் வேகமாகச் சுற்றுகிறது, பெட்ரோல் வருவதில்லை, பெட்ரோலில் கலந்த ஆயிலும் வருவதில்லை. வறண்டு சுற்றுகிறது. கம்பெனி கொடுத்த ஆயில் பம்பு இருந்திருந்தால் என்ஜின் வேகத்துக்கு ஏற்பக் குறைந்தபட்சம் கொஞ்சமாவது தள்ளிக்கொண்டிருக்கும். அதைத்தான் "தேவையில்லை" என்று அடைத்துவிட்டார்கள். அதோடு மேக்னெட் பக்கத்துக் கிராங்க் சீல், அதாவது காற்று புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம், முப்பது வருடத்தில் கல்லாக இறுகி, அதன் ஓரத்தில் காற்று உறிஞ்சிக்கொண்டிருந்தது. வாங்கிய அன்று இறங்காமல் நின்ற அந்தச் சத்தம் இதுதான். போதாதற்கு ஏர் பில்டர் பெட்டியை எடுத்துவிட்டுத் திறந்த பில்டர் வைத்திருந்தார்கள், சைலன்சரின் உள்குழாயை அறுத்துவிட்டிருந்தார்கள். ஏறும்போதே வெந்துவிட்ட என்ஜின், இறங்கும்போது ஆயிலும் இல்லாமல், பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொண்டது.

"தம்பி, வயசானதால கெட்டது இதுல நாலு ரப்பருதான். மத்ததெல்லாம் வாங்குன ஒவ்வொருத்தரும் நல்லது பண்றேன்னு பண்ணுனது" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அந்த வரிசையில் கடைசி ஆள் நான்தானே. இந்த வண்டியைச் சீர்செய்வது என்றால் புதிதாக எதையாவது சேர்ப்பது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். முன்னால் இருந்தவர்கள் செய்ததை ஒவ்வொன்றாகக் கழற்றி எறிந்து, கம்பெனியில் இருந்து வந்த நிலைக்குத் திருப்புவதுதான் வேலையே. அன்றிலிருந்து எதைத் தொட்டாலும், "இது யமஹா வைத்ததா, வேறு யாரும் வைத்ததா?" என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். ஏர் பில்டர் பெட்டி தேட மட்டும் ஆறு வாரம் ஆனது. மேட்டூரில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடைத்தது.

இரண்டாவது முறை என்ஜினை முழுக்கப் பிளந்தோம். கிராங்கை அழுத்திப் பிரித்து கனெக்டிங் ராடும் பேரிங்கும் மாற்றி, டயல் வைத்து, கிராங்க் சுற்றும்போது வரும் ஆட்டத்தை 0.03 மில்லிமீட்டருக்குள் கொண்டுவந்து கொடுத்தது ஒரு பழைய லேத்துக்காரர். சிலிண்டர் அடுத்த சைஸுக்குப் போனது. போர் போடக் கொடுக்கும்போது சிலிண்டரை மட்டும் கொடுக்காதீர்கள், போடப்போகும் பிஸ்டனையும் கூடவே கொடுத்து, அதை அளந்து அதற்கேற்ற இடைவெளி வைக்கச் சொல்லுங்கள். முதல் தடவை நாங்கள் அதைச் செய்யவில்லை. பூட்டும்போது பிஸ்டன் மேல் உள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும். ரிங்கின் வாய் அதற்கென்று உள்ள சின்ன ஊசியில் சரியாக உட்கார வேண்டும். பிஸ்டன் பின்னைப் பிடிக்கும் கிளிப்பைப் போடும்போது கிராங்க் அறையின் வாயைத் துணியால் அடைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே விழுந்தால் மறுபடி முதலில் இருந்து.

சீல் வாங்கும்போது ஒரு கூத்து நடந்தது. "பழைய ஸ்டாக், அசல் ஜப்பான் பீஸ்" என்று மூன்று மடங்கு விலை கொடுத்து வாங்கிய சீலைப் பெரியவரிடம் பெருமையாக நீட்டினேன். நகத்தால் அழுத்திப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ரப்பர் பெட்டிக்குள் இருந்தாலும் வயதாகும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. இரும்புப் பாகம் பழைய அசல் கிடைத்தால் வாங்குங்கள். ரப்பர் என்றால் நல்ல கம்பெனியின் புது உற்பத்திதான்.

பூட்டிய பிறகு அவர் செய்து காட்டிய சோதனையை எல்லோரும் வீட்டிலேயே செய்யலாம். சைலன்சர் வாயையும் கார்புரேட்டர் வாயையும் ரப்பர் வைத்து அடைத்துவிட்டு, பழைய ரத்த அழுத்தக் கருவியின் பம்பால் உள்ளே காற்றடிக்க வேண்டும். அந்த முள் 300இல் ஐந்தாறு நிமிடம் அசையாமல் நின்றால் கசிவு இல்லை. இறங்கினால் சோப்பு நுரையைத் தடவிப் பாருங்கள், எங்கே குமிழ் வருகிறதோ அங்கே ஓட்டை. 300 என்பது ஏறக்குறைய ஆறு பிஎஸ்ஐ. அதற்கு மேல் அடிக்கக் கூடாது, புது சீலே பிதுங்கிவிடும். கசிவது கிளட்ச் பக்கத்து சீல் என்றால் கதை வேறு மாதிரி இருக்கும், கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகை தள்ளும். கியர் ஆயில் அளவு காரணமில்லாமல் குறைந்தால் அதைச் சந்தேகப்படுங்கள்.

ஆயில் பம்பைத் திரும்பப் பூட்டினோம். அதில் உள்ள காற்றை வெளியேற்றாமல் ஓட்டினால் பம்பு இருந்தும் பிரயோஜனம் இல்லை. அதற்கென்றே ஒரு ஸ்க்ரூ இருக்கிறது, குமிழ் இல்லாமல் ஆயில் வரும் வரை திறந்து வைக்க வேண்டும். பிறகு கைப்பிடிக் கேபிளோடு பம்பின் குறி சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். நம்பிக்கை வரும் வரை முதல் டேங்க் பெட்ரோலிலும் ஆயிலைக் கலந்தே ஓட்டினேன், புகை கொஞ்சம் வந்தாலும் பரவாயில்லை என்று. இந்த முறை என்ஜினுக்கு மட்டும் 16,400. ஒயரிங்குக்கு 3,900, டயர், பிரேக் ஷூ, செயின் எல்லாம் 6,700. கருவிகளுக்கு, இட்லித் தட்டு உட்பட, 5,300. 2023 நவம்பரில் முடிந்தது. பெரியவர் கூலி என்று கையில் வாங்கவே இல்லை. பேரனுக்குச் சட்டைத்துணி எடுத்துக் கொடுத்தேன், அதற்கும் திட்டினார்.

இப்போது பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பெட்ரோலில் எத்தனால் அதிகமாகிவிட்டதால் பழைய ரப்பர் குழாய்கள் சீக்கிரம் கெடுகின்றன. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். ஒரு வாரத்துக்கு மேல் ஓட்டாமல் நிறுத்துவதாக இருந்தால் பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டர் கிண்ணத்தில் உள்ளதையும் வடித்துவிடுகிறேன். ஜெட் அடைத்தால் குத்துவதற்கு மெல்லிய செம்புக் கம்பி, ஊசியோ இரும்புக் கம்பியோ கிடையாது, துளை பெரிதாகிவிடும். ஐநூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை பிளக்கைக் கழற்றி நிறம் பார்க்கிறேன். ஓட்டும்போது எப்போதும் இடது கையின் இரண்டு விரல் கிளட்ச் மேலேயே இருக்கும். இது எந்த டூ ஸ்ட்ரோக் ஓட்டுகிறவரும் பழகிக்கொள்ள வேண்டியது. என்ஜின் பிடித்தால் விழாமல் இருக்க உங்களுக்குக் கிடைப்பது அந்த அரை விநாடிதான்.

ஏற்காடு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போகிறேன். ஏறும்போது பிரச்சினை இல்லை. இறங்கும்போது பம்பு வேலை செய்கிறது என்று தெரிந்தும் மனசு கேட்பதில்லை. ஒவ்வொரு வளைவுக்கு முன்னும் கிளட்ச்சைப் பிடித்து, கைப்பிடியை ஒருமுறை முறுக்கி, உள்ளே நாலு சொட்டு ஆயில் போகட்டும் என்று விடுகிறேன். நாற்பத்து நாலு வயதில் பந்தா காட்டுகிறான் என்று பின்னால் வரும் கார்க்காரர்கள் ஹாரன் அடிக்கிறார்கள்.